கொடுவா மீனும் வெளியூர் மூக்கும்

கல்யாணமாகி ஆம்பூர் ரயிலடியில் இறங்கியதும் நான் முதலில் செய்த காரியம், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டதுதான். பக்கத்தில் நின்ற என் கணவர், "இன்னா, சளியா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவர் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. சுண்ணாம்புக் குழியில் ஊறும் ஆட்டுத்தோலுக்கும் மல்லிகைப் பூவுக்கும் அவருடைய மூக்கு எந்த வித்தியாசமும் பாராட்டுவதில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவர் மட்டுமல்ல, ஊரே அப்படித்தான்.

நான் பழவேற்காட்டுக்காரி. அப்பா கரையில் மீன் ஏலம் விடுபவர். இது இன்றைக்குப் பிடித்தது, இது நேற்றையது, இது நேற்றையதன் மேல் இன்றைக்குத் தண்ணீர் தெளித்தது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். எங்கள் ஊரில் அது ஒரு திறமையே இல்லை. பூனைகூடச் சொல்லும். ஆம்பூரிலோ பால் கெட்டது காய்ச்சித் திரிந்த பிறகுதான் தெரியும், சோறு ஊசிப்போனது வயிற்றுக்குள் போன பிறகுதான் தெரியும். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, "உங்க வீட்டுக் குழம்பு கெட்டுப்போச்சுக்கா" என்று சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து தெருவே கிண்ணமும் கையுமாக வர ஆரம்பித்துவிட்டது. எனக்கு 'மூக்குக்காரம்மா' என்று பெயர்.

நெய் வந்தது, தயிர் வந்தது, மழையில் நனைந்த மெத்தை வந்தது. ஒருமுறை மாப்பிள்ளையே வந்தார். அடுத்த தெருவில் பெண் பார்க்க வந்த பையன் குடிப்பவனா என்று தெரிய வேண்டும். வெற்றிலைத் தட்டை நீட்டுகிற சாக்கில் நான் கிட்டே போய் மோந்து பார்க்க வேண்டும். போனேன். ஏலக்காய் வாசனை ஆளைத் தூக்கியது. உள்ளே வந்து அதைத்தான் சொன்னேன். "குடிக்காதவன் எதுக்கு இத்தினி ஏலக்காய் மெல்லணும்?" என்று பெண்ணின் மாமா கேட்டார். சம்பந்தம் முறிந்தது. மளிகைக் கடையில் வேலை என்று சொன்ன தரகர், அங்கே பையனுடைய வேலை நாள் முழுக்க ஏலக்காய் உடைப்பது என்று சொல்ல மறந்திருந்தார். அந்தப் பையன் பிறகு ஆலங்காயத்தில் பெண் எடுத்து நன்றாகவே இருந்தான் என்று கேள்வி.

இப்படி இரண்டு வருஷம் போனது. அந்தக் கோடையில் ஒருநாள் என் கணவருடைய முதலாளி மதராஸிலிருந்து பெரிய யோசனையோடு திரும்பி வந்தார். தோல் வாங்கும் கம்பெனியின் துரை ஒருவர் ஷாப்பைப் பார்க்க வரப்போகிறார். மதியச் சாப்பாடு முதலாளி வீட்டில். முதலாளி வீட்டுச் சாப்பாடு என்றால் பிரியாணி என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் இந்தத் துரைக்கு வயிற்றில் ஏதோ கோளாறு. நெய் கூடாது, ஆட்டுக்கறி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சுட்ட மீன் சாப்பிடலாம். கூடவே பச்சை இலையை அரைத்து, அப்படியே பச்சையாக.

முதலாளி வீட்டுச் சமையல்கார பாய் அதைக் கேட்டுக் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். ஆயிரம் பேருக்குப் பிரியாணி தம் போட்ட மனிதர் அவர்.

"மொதலாளி, இது சாப்பாடா, பத்தியமா?" என்று கேட்டார்.

"துரை சாப்பிடுற சாப்பாடு."

"இன்னா இலை?"

முதலாளி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "சின்ன இலை. பச்சையா இருக்கும்னு சொன்னாரு."

"எல்லா இலையும் பச்சைதானே மொதலாளி?"

இந்த இடத்தில்தான் என் பெயர் அடிபட்டிருக்கிறது. மேஸ்திரி சம்சாரம் கடற்கரைக்காரி, மீனைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை என்று. முதலாளியின் சம்சாரம் ஆள் அனுப்பினார். அவரை எல்லோரும் பீவியம்மா என்போம். கோஷா அனுசரிப்பவர், ஆண்கள் நடமாடும் இடத்துக்கு வரமாட்டார். ஆனால் சமையற்கட்டு வாசலில் ஒரு தட்டி உண்டு. அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டு அந்த வீட்டையும், கொல்லையையும், பாதித் தெருவையும் அவரால் நடத்த முடியும்.

பாலாற்றில் அப்போது மணல்தான் ஓடியது. ஏரி குளமெல்லாம் வெடித்துக் கிடந்தன. ஆகவே மீனும் மதராஸிலிருந்துதான் வந்தாக வேண்டும். துரை வருகிற அன்று விடியற்காலை வண்டியில், மரத்தூளும் ஐஸும் போட்ட பெட்டியில் இரண்டு கொடுவா மீன் வந்து இறங்கியது. நான் போனபோது பெட்டியைக் கொல்லையில் வேப்பமர நிழலில் வைத்துத் திறந்திருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். மீனுக்குத் தலை இல்லை.

மதராஸில் வாங்கி அனுப்பியவர் நல்லது செய்வதாக நினைத்துத் தலையை வெட்டி, செவுளைக் களைந்து, குடலை எடுத்து, கழுவித் துடைத்து அனுப்பியிருந்தார். மீன் நல்லதா என்று கேட்டால் கண்ணைப் பார்க்க வேண்டும், செவுளைப் பார்க்க வேண்டும். இரண்டும் மதராஸில் இருந்தன. சதையை அழுத்திப் பார்க்கலாமென்றால் ஐஸில் கிடந்து கட்டைபோல் விறைத்திருந்தது. வழியில் எங்கேயோ பாதி ஐஸ் உருகிவேறு போயிருந்தது.

"மோந்து பாத்துச் சொல்லும்மா" என்றார் முதலாளி.

குனிந்து மோந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் குனிந்தேன். மூக்கு ஐஸில் பட்டது. அப்போதும் ஒன்றுமில்லை. மீன் வாசனை என்று ஒன்று உண்டே, நல்ல மீனுக்கும் உள்ள வாசனை, அதுகூட இல்லை.

"எனக்கு நாத்தம் தெரியலைங்க" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் முதலாளி. "நாத்தம் இல்ல. பாய், அடுப்பை மூட்டுங்க."

"ஐயோ, அது இல்லைங்க. நாத்தம் இருக்குதான்னு எனக்குத் தெரியல."

"அதான் சொல்றேனே. தெரியற அளவுக்கு இல்ல."

"இருந்தாலும் எனக்குத் தெரியாதுங்க!"

முதலாளி என் கணவரைப் பார்த்தார். என் கணவர் மீனைப் பார்த்தார். தட்டிக்குப் பின்னாலிருந்து பீவியம்மா மட்டும்தான் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். "அரே, அவ மூக்கு போச்சுன்னு சொல்றா" என்றார். "ரெண்டு வருசம் இந்த ஊர்ல இருந்தாச்சில்ல? போவாம இன்னா பண்ணும்?"

பாய் ஓடிப்போய்ப் புதினாக் கொத்து ஒன்றைக் கொண்டுவந்து என் மூக்கருகே நீட்டினார். வாசனை தெரிந்தது. பூண்டு, தெரிந்தது. எலுமிச்சை, தெரிந்தது. என் கணவர் தன் சட்டையைக் கழற்றி நீட்டினார். தெரியவில்லை. நல்ல வாசனை மட்டும் தெரிந்து கெட்டது தெரியாத மூக்கு. கேட்பதற்கு வரம்போல இருக்கும். எனக்கு அழுகைதான் வந்தது. எப்போது போனது என்றே தெரியாமல் போயிருக்கிறதே என்றுதான். நேற்று மாலைகூட ஒருத்தர் தயிரை மோந்து பார்த்து 'நல்லாருக்கு' என்று சொல்லியனுப்பியிருந்தேன்.

பீவியம்மாவுக்கு அழுகிற ஆளைத் தேற்ற நேரமில்லை. "இந்த ஊர் மூக்கு எதுவும் ஆவாது. வெளியூர் மூக்கு வேணும். மேஸ்திரி, ரயிலடிக்குப் போ. வண்டிய விட்டு எறங்கும்போதே எவன் மூக்கைப் பொத்துறானோ, அவனைக் கூட்டியா."

என் கணவர் சொன்னதைச் செய்கிறவர். அதுதான் அவருடைய நல்ல குணம், அதுவே அவருடைய கெட்ட குணமும். உடனே கிளம்பினார்.

நானும் பாயும் மற்ற வேலைகளைப் பார்த்தோம். மீன் சுடக் கம்பி வலை வேண்டும். அந்த வீட்டில் ஆடு முழுசாக வேகிற அண்டா இருந்தது, இரண்டு மீன் சுடக் கம்பி இல்லை. பாய் சாமான் அறையின் ஜன்னல் கம்பிச் சட்டத்தைப் பெயர்த்தெடுத்துக் கொண்டுவந்துவிட்டார். அதைத் தேய்த்துக் கழுவிக் கல்லின்மேல் வைத்தோம். இலைக்கு அவர் ஒரு கூடையையே நிரப்பி வைத்திருந்தார். கொத்துமல்லி, புதினா, கறிவேப்பிலை, முருங்கைக்கீரை. அடியில் ஆவாரம் இலைகூட இருந்தது.

"இது எதுக்கு பாய்?"

"தோலை ஆவாரம்பட்டையிலதானே பதம் பண்றோம்? துரைக்குத் தோல் பிடிக்குதில்ல? இலையும் பிடிக்கும்."

ஆவாரையை எடுத்து ஆட்டுக்குப் போட்டுவிட்டு, கொத்துமல்லியைத் தண்டோடும் புதினாவை இலை மட்டும் கிள்ளியும் வைத்துக்கொண்டேன்.

என் கணவர் இரண்டு பேரோடு திரும்பினார். ஒருவர் நாட்றம்பள்ளிக்காரர், முகத்தைத் துண்டால் சுற்றியிருந்தார். அவிழ்த்தால் கன்னம் பூசணிக்காய்போல் வீங்கியிருந்தது. பல் வலி. அவர் மூக்கைப் பொத்தவே இல்லை, தாடையைப் பொத்தியிருந்தார். பீவியம்மா தட்டி வழியாகக் கிராம்பு கொடுத்தனுப்பிவிட்டார். மற்றவர் ஆலங்காயத்து மலைப்பக்கத்திலிருந்து தேன் விற்க வந்தவர். அவர் நிஜமாகவே பொத்தியிருந்தார். எங்கள் கொல்லைக்கு வந்தும் கையை எடுக்கவில்லை. எங்களுக்கு ஒரே சந்தோஷம். பெட்டியருகே உட்காரவைத்தோம். கையை எடுத்து ஒரு தடவை இழுத்தார்.

"நாறுது" என்றார்.

"கெட்டுப்போச்சா?" என்றார் முதலாளி.

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? கடல் மீனை இப்பத்தான் பாக்குறேன். மீன்னா நாறத்தானே செய்யும்?"

"நல்ல நாத்தமா, கெட்ட நாத்தமா? அதச் சொல்லு."

தேன்காரர் மறுபடியும் மோந்து, நேர்மையாக யோசித்தார். "ஊர் நாத்தத்துக்கு இது எவ்வளவோ தேவலாம்" என்றார்.

அது தீர்ப்பா இல்லையா என்று யாருக்கும் விளங்கவில்லை. பீவியம்மா என் கணவரை மறுபடியும் ரயிலடிக்கு விரட்டினார். தேன்காரரிடம் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவரும் போகவில்லை. முதலாளி குளித்து, அத்தர் பூசி, மாலையும் கையுமாகக் குதிரை வண்டியில் ஏறினார். மதராஸ் வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. வீட்டில் உட்கார்ந்திருந்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்று முன்வாசல் வழியாகப் போய்விட்டார்.

அவர் வண்டி தெருமுனை திரும்பியிருக்கும், கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு என் கணவர் வந்தார். பின்னால் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி ஒரு வெள்ளைக்காரர்.

பாய் கையிலிருந்த விசிறியைக் கீழே போட்டார். நான் என் கணவரைத் தனியே இழுத்தேன். "ஏங்க, துரையையே கூட்டியாந்துட்டீங்களே!"

"அந்தத் துரை இல்ல. அவரு மெட்ராஸ்லேர்ந்து வர்றாரு. இவரு வாணியம்பாடி பக்கத்துலேர்ந்து வந்தாரு."

"ஆம்பூருக்கு ஒரே நாள்ல எத்தினி துரைங்க வருவாங்க?"

அவர் அதை அப்போதுதான் யோசித்தார். அதற்குள் அவர் வழியில் சொல்லிப் பழகியிருந்த இங்கிலீஷ் வேலை செய்துவிட்டது. "சார், பிளீஸ், ஸ்மெல்" என்று சொல்லித்தான் கூட்டிவந்திருக்கிறார். துரையும் ஏதோ தோல் சாம்பிள் காட்டப்போகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும், நேராகப் பெட்டியிடம் போய்க் குந்தினார். கைக்குட்டையை எடுத்தார். ஒரு மீனைத் தூக்கினார். வெயிலில் பிடித்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் புரட்டினார், கட்டைவிரலால் தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் தோல் மண்டியில் விலை பேசுகிற தமிழ்தான்.

"நல்ல சரக்கு" என்றார்.

தட்டிக்குப் பின்னால் பீவியம்மா உரக்கவே பெருமூச்சு விட்டார்.

வந்தவரை முன்கூடத்துக்கு அழைத்துப்போக என் கணவர் எவ்வளவோ முயன்றார். துரை அசையவில்லை. கரியையும் ஜன்னல் கம்பியையும் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கோட்டைக் கழற்றி வேப்பங்கிளையில் மாட்டினார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்து விசிற ஆரம்பித்தார். பாய் பதறிப்போய் விசிறியைப் பிடுங்கப் பார்த்தார். துரை விடவில்லை. இருவரும் ஒரு விசிறியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விசிறினார்கள்.

மீனின் இரு பக்கமும் கீறி, உப்பும் மிளகும் எலுமிச்சையும் தடவி வைத்தேன். எண்ணெய் கூடாது என்பதால் கம்பி நன்றாகக் காய வேண்டும். காயாத கம்பியில் தோல் ஒட்டிக்கொண்டு சதை கிழியும். தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓடுகிற சூட்டில் மீனை வைத்தேன். துரை உடனே புரட்டப் போனார். "இருங்க!" என்று அவர் கையைத் தட்டிவிட்டேன். அவர் நல்ல பிள்ளைபோல் கையை மடியில் வைத்துக்கொண்டார். தோல் தானாகக் கம்பியை விட்ட பிறகு நானே புரட்டினேன். கொழுப்பு கரியில் சொட்டிப் புகைந்தது.

அம்மியில் கொத்துமல்லி, புதினா, இரண்டு பல் பூண்டு, துண்டு இஞ்சி வைத்தேன். பச்சை மிளகாயை எடுத்ததும் துரை எழுந்து நின்று, "கம்மி! கம்மி!" என்றார். ஒன்றைக் குறைத்தேன். "கம்மி!" இன்னொன்றைக் குறைத்தேன். கடைசியில் ஒரு மிளகாயைப் பாதியாகக் கிள்ளிக் காட்டியதும் பேரம் படிந்தது. கொத்துமல்லியைக் காட்டி, "ஜாஸ்தி" என்றார். கூடக் கொஞ்சம் போட்டேன். நைசாக அரைக்காமல் நறநறவென்று ஓட்டி வழித்து, பச்சை கறுத்துவிடாமல் இருக்க எலுமிச்சையைக் கடைசியில் பிழிந்தேன்.

மதராஸ் வண்டி வந்து, பெட்டி பெட்டியாகத் தேடி, துரையைக் காணாமல் முதலாளி வாடிய முகத்தோடு திரும்பியபோது, அவர் தேடிய ஆள் கொல்லையில் தேன்காரர் பக்கத்தில் குந்திக்கொண்டு வாழையிலையில் கொடுவா மீனைப் பிய்த்துக்கொண்டிருந்தார். முதலாளி அங்கேயே, புகைக்குள்ளேயே மாலையைப் போட்டார். துரை மாலையும் கழுத்துமாகத் தொடர்ந்து சாப்பிட்டார். மரியாதைக்காக முதலாளியும் ஒரு பலகை போட்டு உட்கார்ந்து ஒரு துண்டு எடுத்தார். தோல் மொறுமொறுவென்று, உள்ளே வெள்ளை வெளேரென்று, மடல் மடலாகப் பிரிந்தது. பச்சைத் துவையலில் தொட்டால் புளிப்பும் உறைப்பும் ஒன்றாக ஏறும். எனக்குப் பங்கு வந்தது, என் கணவருக்கும் வந்தது. பாய் ஆயுசில் முதல்தடவையாகச் சுட்ட மீனை வாயில் போட்டு மென்றார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். "ஆனா இன்னாத்துக்கு?"

அப்போதுதான் துரை தும்மினார். ஒன்றல்ல, அடுக்கடுக்காக. கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். என் கணவர் பரிவோடு இங்கிலீஷில் ஏதோ கேட்டார். துரை பதில் சொன்னார். என் கணவரின் கை வாய்க்குப் போகாமல் நின்றது.

"இன்னாய்யா சொல்றாரு?" என்றார் முதலாளி.

"துரைக்குச் சளியாம். மெட்ராஸ்லேர்ந்து வராம பெங்களூர் போயி வந்தாராம், அங்கியே புடிச்சிடுச்சாம். மூக்குல ஒரு வாசனையும் ஏறலயாம்."

"பின்ன இன்னாத்துக்குப் பொத்திக்கிட்டு எறங்கினாரு?"

"பொத்தலயாம். தொடைச்சுக்கிட்டு எறங்கினாராம்."

யாரும் மெல்லவில்லை. யாரும் துப்பவும் இல்லை. துரை முன்னால் துப்ப முடியுமா? அவர் ஒருவர்தான் நிம்மதியாக இரண்டாவது மீனை நோக்கிக் கை நீட்டினார். முதலாளி அதைத் தடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் வேறு எந்த முகத்திலும் பார்த்ததில்லை. பாய் எழுந்துபோய் ஓமத்தண்ணீர் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினார். துரை அதையும் விருந்தின் ஒரு பகுதி என்று எண்ணிக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார்.

சாயங்கால வண்டியில் அவரை ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் காலையில் முதலாளி துரைக்குத் தந்தி கொடுக்க வேண்டும். 'உயிரோடு இருக்கிறீர்களா' என்று எப்படிக் கேட்பது? ஷாப்பில் இங்கிலீஷ் தெரிந்த எல்லோரும் கூடி வார்த்தை தேடினார்கள். கடைசியில் 'சுகம் என்று நம்புகிறோம்' என்று போனது. பதில் மத்தியானமே வந்தது. சளி குறைந்திருக்கிறது, அந்தக் கஷாயம் எதில் செய்தது என்று துரை கேட்டிருந்தார்.

எங்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மீன் நல்ல மீன்தான். தேன்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பழக்கமில்லாத வயிறு, எப்போது வேண்டுமானாலும் புரட்டலாம், வழியில் ஏதாவது ஆனால் யார் பார்ப்பது என்று சொல்லிக் கொல்லையிலேயே படுத்துவிட்டார். துரை கடைசி நிமிஷத்தில் மனசு மாறினாலும் மாறலாம் என்று பாய் யாருக்கும் சொல்லாமல் ஓர் அண்டா பிரியாணி போட்டிருந்தார். அது தீர வேண்டுமே. வேளாவேளைக்குத் தட்டு நிறையக் கொண்டுபோய் வைத்து, "இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்பார்.

"இன்னும் ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க" என்பார் தேன்காரர், தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டே.